ஸ்கூபா நீர்மூழ்கல் சுற்றுலா

ஸ்கூபா நீர்மூழ்கல் சுற்றுலா என்பது அழுத்தப்பட்ட காற்று அடைத்த கலனை முதுகில் சுமந்து கடலுக்குள் மூழ்கிப் பார்ப்பதை முதன்மை நோக்கமாகக் கொண்ட பயணம் ஆகும். பொதுவான சுற்றுலாவில் விடுதி, வாகனம், செலவு ஆகியவையே திட்டமிடலின் பெரும்பகுதி. நீர்மூழ்கல் சுற்றுலாவில் இவற்றுடன் உடலியல் சார்ந்த ஒரு கட்டுப்பாடும் சேர்கின்றது. மூழ்கி எழுந்தவரின் உடலில் கரைந்திருக்கும் நைட்ரஜன் வெளியேறும் முன் அவர் வானூர்தியில் ஏறுதல் தீங்கு விளைவிக்கலாம். ஆகையால் இத்தகைய பயணத்தின் நாட்கள் திரும்பும் வானூர்தியின் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடப்படுகின்றன.

தமிழ்நாட்டில் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், வேளச்சேரி, மேடவாக்கம் முதலிய சென்னையின் தென்புறநகர்ப் பகுதிகள் பன்னாட்டு வானூர்தி நிலையத்துக்கு மிக அருகில் உள்ளன. இலங்கை, மாலைத்தீவு, தாய்லாந்து ஆகிய மூழ்கல் நாடுகளுக்கு இங்கிருந்து சில மணி நேரத்தில் செல்லலாம். இக்கட்டுரை இப்பகுதியைப் புறப்படும் இடமாகக் கொண்டு இப்பயணத்தின் திட்டமிடலை விளக்குகின்றது.

பெயரும் வகைகளும்

ஸ்கூபா என்பது "தன்னிறைவான நீரடி மூச்சுக்கருவி" என்னும் பொருள் தரும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளால் ஆன பெயர். மூச்சை அடக்கி மூழ்குவதும், முகமூடியும் மூச்சுக்குழலும் அணிந்து நீர்ப்பரப்பில் மிதப்பதும் இதிலிருந்து வேறுபட்டவை. கலனில் இருப்பது தூய ஆக்சிஜன் என்ற கருத்து பரவலாக உள்ளது. அது தவறு. சுற்றுலா மூழ்கலில் பெரும்பாலும் பயன்படுவது வடிகட்டி அழுத்தப்பட்ட சாதாரணக் காற்றே.

பயிற்சியின் அளவைப் பொறுத்து மூழ்கும் ஆழம் வரையறுக்கப்படுகின்றது. பரவலான நடைமுறை பின்வருமாறு:

- அறிமுக மூழ்கல்: சான்றிதழ் இல்லாதவர் பயிற்றுநருடன் 12 மீட்டர் வரை.
- தொடக்கநிலைச் சான்றிதழ்: 18 மீட்டர் வரை.
- மேல்நிலைச் சான்றிதழ்: 30 மீட்டர் வரை.
- பொழுதுபோக்கு மூழ்கலின் இறுதி எல்லை: 40 மீட்டர். இதற்கு மேற்பட்ட ஆழம் தொழில்நுட்ப மூழ்கல் எனப்படும். அதற்குத் தனிப்பயிற்சி தேவை.

வரலாறு

தமிழர் மூழ்குதலுக்காகக் கடல் கடந்து சென்றது புதிதன்று. மன்னார் வளைகுடாவின் இரு கரைகளிலும் முத்துக்குளித்தல் நெடுங்காலம் நடைபெற்றது. பாண்டியரின் கொற்கைத் துறைமுகம் முத்துக்குப் பெயர் பெற்றிருந்தது. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் இலங்கையின் மன்னார்ப் பகுதியில் முத்துக்குளிப்பு அறிவிக்கப்பட்டபோது தமிழகக் கடற்கரை ஊர்களிலிருந்து மூழ்குவோர் படகுகளில் அங்குச் சென்றனர். 1905 ஆம் ஆண்டில் அங்கு நடந்த முத்துக்குளிப்பு மிகப் பெரியவற்றுள் ஒன்று. மூழ்குபவர் கல்லின் எடையால் கீழே இறங்குவார். படகில் இருப்பவர் கயிற்றைப் பிடித்து அவரை மேலே இழுப்பார். இரு பருவமழைகளுக்கும் இடைப்பட்ட, கடல் அமைதியான காலமே இதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. பருவம் பார்த்துப் புறப்படும் இவ்வழக்கம் இன்றைய மூழ்கல் சுற்றுலாவிலும் தொடர்கின்றது.

முத்துக்குளித்தவர் ஒரே மூச்சில் மூழ்கி எழுந்தனர். நீருக்கடியில் நெடுநேரம் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும் வாய்ப்பு 1943 ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் ழாக் கூஸ்தோ, எமில் கஞ்ஞான் ஆகியோர் உருவாக்கிய மூச்சுச் சீராக்கியால் பரவலானது. பின்னர் பயிற்சி அமைப்புகள் தோன்றின. 1959 இல் உலக நீரடிச் செயற்பாடுகள் கூட்டமைப்பும் (சிஎம்ஏஎஸ்) 1966 இல் பாடி அமைப்பும் தொடங்கப்பட்டன.

அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 1956 ஆம் ஆண்டில் இலங்கைக்குக் குடிபெயர்ந்ததற்கு மூழ்கல் ஆர்வமும் ஒரு காரணமாகும். அவரும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் திருகோணமலையின் சுவாமிமலைப் பாறையடியில் மூழ்கியபோது பழைய கோணேசுவரம் கோயிலின் சிதைவுகளைக் கண்டனர். அக்கோயில் 17 ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டதாகும்.

அழுத்தமும் நைட்ரஜனும்

கடல் மட்டத்தில் மனித உடல் ஒரு வளிமண்டல அழுத்தத்துக்கு உட்பட்டிருக்கின்றது. கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகின்றது. 10 மீட்டரில் அது இரு மடங்கு. 30 மீட்டரில் நான்கு மடங்கு. சீராக்கி வெளியிலுள்ள அழுத்தத்துக்குச் சமமான அழுத்தத்தில் காற்றைத் தருவதால்தான் மூழ்குபவரால் மூச்சுவிட முடிகின்றது.

காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன் ஆகும். உடல் இதனைப் பயன்படுத்துவதில்லை. ஆயினும் அழுத்தம் கூடும்போது கூடுதலான நைட்ரஜன் இரத்தத்திலும் திசுக்களிலும் கரைகின்றது. ஆழமும் நேரமும் மிகுந்தால் கரையும் அளவும் மிகும். மூழ்குபவர் மெதுவாக மேலே வந்தால் நைட்ரஜன் நுரையீரல் வழியாகச் சிறிது சிறிதாக வெளியேறும். அழுத்தம் விரைவாகக் குறைந்தால் அது உடலுக்குள்ளேயே குமிழிகளாக மாறும். சோடாப் புட்டியைத் திறந்தவுடன் குமிழிகள் பொங்கி எழுவதும் இதே காரணத்தால்தான். இக்குமிழிகளால் ஏற்படும் பாதிப்பு அழுத்த நீக்க நோய் எனப்படுகின்றது. மூட்டுவலி, தோல் தடிப்பு, மிகுந்த சோர்வு, மரமரப்பு, தலைச்சுற்றல் ஆகியவை இதன் அறிகுறிகள். தண்டுவடமோ மூளையோ பாதிக்கப்பட்டால் கைகால் செயலிழக்கவும் கூடும்.

இந்நோய் முதலில் மூழ்குவோரைவிடப் பாலம் கட்டும் தொழிலாளரிடமே அதிகம் அறியப்பட்டது. ஆற்றுப்படுகையில் அழுத்தக் காற்று நிரப்பிய அறைகளுக்குள் இருந்து அடித்தளம் தோண்டியவர்கள் வெளியே வந்ததும் வலியால் துடித்தனர். நைட்ரஜன் குமிழிகளே இதற்குக் காரணம் என்பதைப் பிரெஞ்சு உடலியலாளர் பால் பெர் 1878 இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். இசுக்கொட்லாந்து உடலியலாளர் ஜான் ஸ்காட் ஹால்டேன் ஆடுகளைக் கொண்டு சோதனை நடத்தி, படிப்படியாக மேலே வருவதற்கான அட்டவணைகளை 1908 இல் வெளியிட்டார். இன்று மணிக்கட்டில் அணியப்படும் மூழ்கல் கணினிகளின் கணக்கீடும் அவ்வழியில் வளர்ந்ததே. அவருடைய மகனும் மரபியலாளருமான ஜே. பி. எஸ். ஹால்டேன் 1957 இல் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்து 1964 இல் புவனேசுவரத்தில் காலமானார்.

ஆழம் மட்டுமே இந்நோய்க்குக் காரணமன்று என்பதை ஓர் ஒப்பீடு தெளிவாக்கும். தாம்பரம் - வேளச்சேரி சாலையிலுள்ள பள்ளிக்கரணையில் 1993 இல் நிறுவப்பட்ட தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் அமைந்துள்ளது. மூவரை 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுசெல்லும் நோக்குடைய மத்சயா 6000 என்னும் ஊர்தி இந்நிறுவனத்தின் திட்டமாகும். அதனுள் இருப்பவர்கள் டைட்டானியக் கோளத்துக்குள் சாதாரண வளிமண்டல அழுத்தத்திலேயே இருப்பர். ஆதலால் அவர்களுக்கு இந்நோய் பற்றிய அச்சம் இல்லை. வெறும் 18 மீட்டர் ஆழத்தில் கலனிலிருந்து மூச்சுவிடும் சுற்றுலாப் பயணிக்கே அது உண்டு.

வானூர்திக்கு முந்தைய இடைவெளி

பயணிகள் வானூர்தி 10 கி.மீ.க்கும் மேலான உயரத்தில் பறந்தாலும் அதன் அறைக்குள் அழுத்தம் செயற்கையாகக் கூட்டப்படுகின்றது. ஆனால் கடல் மட்ட அளவுக்குக் கூட்டப்படுவதில்லை. அறையின் அழுத்தம் 2,438 மீட்டர் (8,000 அடி) உயரமுள்ள மலையின் மேல் இருப்பதற்கு நிகராகக் குறையலாம். இது கடல் மட்ட அழுத்தத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு. மூழ்கி எழுந்து சில மணி நேரமே ஆனவருக்கு இது மற்றொரு முறை மேலெழுவதற்கு ஒப்பாகும். கடற்கரையில் நலமாக இருந்தவருக்கு வானூர்தியில் நோய் தோன்றுவது இதனால்தான்.

மூழ்குவோர் பாதுகாப்புக்கான டான் அமைப்பு 2002 இல் நடத்திய பயிலரங்கின் பரிந்துரைகள் இன்றும் பரவலாகப் பின்பற்றப்படுகின்றன:

- இடைநிறுத்தம் தேவைப்படாத ஒரே ஒரு மூழ்கலுக்குப் பின்: குறைந்தது 12 மணி நேரம்.
- ஒரே நாளில் பல முறையோ தொடர்ந்து பல நாட்களோ மூழ்கியபின்: குறைந்தது 18 மணி நேரம்.
- கட்டாய இடைநிறுத்தம் தேவைப்பட்ட மூழ்கலுக்குப் பின்: 18 மணி நேரத்துக்கும் கணிசமாக அதிகம்.

எளிமை கருதிப் பல பயிற்றுநர்கள் எல்லா நிலைக்கும் 24 மணி நேரத்தைப் பரிந்துரைக்கின்றனர். இவ்விடைவெளிகள் இடரைக் குறைக்கின்றனவேயன்றி முற்றிலும் நீக்குவதில்லை. கொழும்பிலிருந்து சென்னைக்கான பயணம் ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவானது என்பதால் விதி தளர்வதில்லை. அறையின் அழுத்தம் வானூர்தி மேலெழுந்த சில நிமிடங்களிலேயே குறைந்துவிடுகின்றது.

மேற்கண்ட பரிந்துரைகள் 610 மீட்டருக்கு (2,000 அடி) மேற்பட்ட உயரங்களைக் கருதியவை. எனவே மலைப்பாதைப் பயணத்துக்கும் இவை பொருந்தும். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்திலும் உதகமண்டலம் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலும் உள்ளன. உதகமண்டலத்தின் காற்றழுத்தம் வானூர்தி அறையின் அழுத்தத்தை நெருங்குகின்றது. சென்னை கடல் மட்டத்தில் இருப்பினும், ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூரு இவ்வெல்லைக்கு மேற்பட்டதே. மூழ்கல் முடிந்த உடனே மலைவாழிடத்துக்குச் செல்வதைத் தவிர்க்க வேண்டும். மலையிலிருந்து இறங்கிவந்து மூழ்குவதில் இத்தீங்கு இல்லை. ஒரே பயணத்தில் இரண்டையும் காண விரும்புவோர் மலையை முதலிலும் கடலைப் பின்னரும் வைத்துக்கொள்வது முறை.

தென்புறநகரிலிருந்து புறப்படல்

சென்னைப் பன்னாட்டு வானூர்தி நிலையம் தாம்பரத்துக்கு வடக்கே ஜி.எஸ்.டி. சாலையில் மீனம்பாக்கத்துக்கும் பல்லாவரத்துக்கும் இடையே உள்ளது. தாம்பரம் - சென்னைக் கடற்கரை புறநகர் மின்தொடர் வண்டிப் பாதையில் திரிசூலம் நிலையம் இதற்கு நேரெதிரே அமைந்துள்ளது. வானூர்தி நிலைய மெட்ரோ நிலையம் 2016 இல் திறக்கப்பட்டது. பன்னாட்டு வானூர்திகள் பல நள்ளிரவிலும் விடியற்காலையிலும் புறப்படுவதால், மின்தொடர் வண்டிகள் ஓடாத நேரத்துக்கு வாடகை வாகனத்தை முன்பதிவு செய்வது வழக்கம். இரவு முழுதும் விழித்துப் பயணம் செய்தவர் அன்றே மூழ்குதல் நல்லதன்று. களைப்பும் உடல் நீரிழப்பும் தீங்கை மிகுவிக்கக்கூடியவை.

சென்னைக் கடற்கரை நீர் வண்டல் கலந்தது. அலையும் மிகுதி. பவளப்பாறைகளும் இங்கு இல்லை. ஆகையால் தொடக்கநிலைப் பயிற்சியின் பாடப்பகுதியையும் நீச்சற்குளப் பகுதியையும் உள்ளூரில் முடித்துவிட்டு, கடல் மூழ்கல்களைச் செல்லும் நாட்டில் நிறைவு செய்யும் முறையைச் சிலர் பின்பற்றுகின்றனர். இதற்கு உள்ளூர்ப் பயிற்றுநரின் பரிந்துரைக் கடிதம் தேவை. முழுப் பயிற்சியையும் வெளிநாட்டில் பெற மூன்று அல்லது நான்கு நாட்கள் ஆகும். உள்ளூரில் ஒரு பகுதியை முடிப்பவர் விடுமுறையில் ஏறத்தாழ பாதி நாட்களை மிச்சப்படுத்தலாம்.

இடங்களும் பருவங்களும்

வங்கக்கடல், அரபிக்கடல் பகுதிகளின் மூழ்கல் காலம் பருவக்காற்றைப் பொறுத்தது. ஒரு கரையில் கடல் கொந்தளிக்கும்போது மறுகரை அமைதியாக இருக்கும். ஆகவே பள்ளி விடுமுறைக்கு ஏற்ப இடம் தேர்வது நடைமுறைக்கு உகந்தது.

இலங்கையின் கிழக்குக் கரை

திருகோணமலை, பாசிக்குடா, மட்டக்களப்பு ஆகிய பகுதிகளில் ஏறத்தாழ ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கடல் அமைதியாக இருக்கும். தமிழ்நாட்டுப் பள்ளிகளின் கோடை விடுமுறை இக்காலத்தில் வருகின்றது. நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவு 2003 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இங்குப் பவளப்பாறைகளும் கரும்முனைச் சுறாக்களும் ஆழம் குறைந்த நீரிலேயே காணப்படுவதால் தொடக்கநிலையினருக்கு ஏற்றது.

1942 ஏப்ரல் 9 அன்று சப்பானிய வானூர்திகள் மட்டக்களப்புக்கு அப்பால் பிரித்தானிய வானூர்தி தாங்கிக் கப்பலான எர்மீசை மூழ்கடித்தன. அக்கப்பல் 50 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் கிடக்கின்றது. இது பொழுதுபோக்கு மூழ்கலின் 40 மீட்டர் எல்லைக்குக் கீழே உள்ளது. தொழில்நுட்பப் பயிற்சி பெறாதவர் இங்கு மூழ்குதல் கூடாது. அதே நாளில் மூழ்கிய பிரிட்டிசு சார்ஜன்ட் என்னும் எண்ணெய்க் கப்பல் கல்குடாப் பகுதியில் 30 மீட்டருக்குட்பட்ட ஆழத்தில் உள்ளது. மேல்நிலைச் சான்றிதழ் பெற்றவர் அதனைக் காணலாம்.

இலங்கையின் தென்மேற்குக் கரை

இக்கடுவை, உனவட்டுன ஆகிய இடங்களில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை மூழ்கல் நடைபெறும். அரையாண்டு, பொங்கல் விடுமுறைகளுக்கு இது ஏற்றது. இக்காலத்தில் திருகோணமலைக் கடல் வடகிழக்குப் பருவக்காற்றால் கலங்கியிருக்கும்.

மாலைத்தீவு

மூழ்குவதற்கு ஆண்டு முழுதும் வாய்ப்பு உண்டு. சனவரி முதல் ஏப்ரல் வரை வானிலை தெளிவாக இருக்கும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் பா பவளத்தீவின் அனிபரு குடாவில் ஆனைத்திருக்கை மீன்கள் பெருங்கூட்டமாகத் திரள்கின்றன. அங்கு ஸ்கூபா மூழ்கல் தடைசெய்யப்பட்டுள்ளது. நீர்ப்பரப்பில் மிதந்து மட்டுமே காணலாம். தலைநகர் மாலே அருகே 1981 இல் மூழ்கிய மால்டிவ்சு விக்டரி என்னும் சரக்குக் கப்பல் புகழ்பெற்ற மூழ்கலிடம். நீரோட்டம் வலுவாக இருப்பதால் அது பழகியவர்க்கே உரியது. இந்நாட்டின் விதிகளின்படி பொழுதுபோக்கு மூழ்கலின் எல்லை 30 மீட்டர் ஆகும். தீவுகளுக்கிடையே செல்லும் கடல்வானூர்தியும் வானூர்தியாகவே கணக்கிடப்பட வேண்டும். எனவே கடல்வானூர்தியில் மாலேக்குத் திரும்புவோர் அதன் புறப்பாட்டு நேரத்திலிருந்தே இடைவெளியைக் கணக்கிட வேண்டும். விரைவுப்படகில் திரும்புவோருக்கு அத்தேவை இல்லை.

தாய்லாந்து

அந்தமான் கடலிலுள்ள சிமிலன் தீவுகள் தேசியப் பூங்கா ஆண்டுதோறும் மே நடுப்பகுதி முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை மூடப்படுகின்றது. கோடை விடுமுறையின் பிற்பகுதியில் செல்வோர் இதனைக் கவனிக்க வேண்டும். தாய்லாந்து வளைகுடாவிலுள்ள கோ தாவ் தீவு தொடக்கநிலைப் பயிற்சிக்கு உலகளவில் அறியப்பட்டது. அங்கு வானூர்தி நிலையம் இல்லை. படகும் பேருந்தும் மாறிச் செல்ல வேண்டியிருப்பதால் கடைசி நாளில் மூழ்குவதற்கான வாய்ப்பு இயல்பாகவே குறைகின்றது.

அந்தமான்

அந்தமான் தீவுகள் கடல் கடந்த பயணமாயினும் இந்தியாவின் பகுதி. இந்தியக் குடிமக்களுக்குக் கடவுச்சீட்டு தேவையில்லை. முன்னர் ஆவ்லாக் எனப்பட்ட சுவராஜ் தீவு இதன் முதன்மையான மூழ்கல் மையம். நவம்பர் முதல் மே தொடக்கம் வரை ஏற்ற காலம். போர்ட் பிளேரின் பெயர் 2024 இல் ஸ்ரீ விஜயபுரம் என மாற்றப்பட்டது. சென்னையிலிருந்து அங்கு வானூர்தியில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலும் கப்பலில் ஏறத்தாழ மூன்று நாட்களும் ஆகும்.

கடல்வழித் திரும்புதல்

கப்பலில் திரும்புவோருக்கு அழுத்தம் குறைவதில்லை. நாகப்பட்டினம் - காங்கேசன்துறை இடையிலான பயணிகள் கப்பல் சேவை 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் தொடங்கியது. திருகோணமலையிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் சாலையும் தாழ்நிலத்தில் அமைந்தது. ஆகவே இவ்வழியில் வருபவர் தாம்பரம் வரை கடல் மட்டத்தை ஒட்டியே பயணம் செய்கின்றார். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இச்சேவை நிறுத்தப்படுவதுண்டு. புறப்படும் முன் கால அட்டவணையை உறுதிசெய்தல் வேண்டும்.

முன்னேற்பாடுகள்

கடவுச்சீட்டும் நுழைவனுமதியும்: சென்னையின் கடவுச்சீட்டுச் சேவை மையங்களுள் ஒன்று தாம்பரத்தில் உள்ளது. பல நாடுகள் கடவுச்சீட்டு ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும் என எதிர்பார்க்கின்றன. இலங்கை 2012 முதல் மின்னணுப் பயண அனுமதி முறையைக் கடைப்பிடிக்கின்றது. மாலைத்தீவில் சுற்றுலாப் பயணிகளுக்கு வந்திறங்கும்போதே இலவச அனுமதி வழங்கப்படுகின்றது. பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இணையவழி விவரப் படிவத்தை நிரப்ப வேண்டும். கட்டணங்களும் விதிகளும் அடிக்கடி மாறுபவை. அந்தந்த நாட்டின் அரசு இணையத்தளத்தில் பார்ப்பதே நம்பகமானது.

மருத்துவத் தகுதி: மூழ்கும் முன் உடல்நல வினாப்படிவம் ஒன்று தரப்படும். ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு, அண்மைய அறுவை சிகிச்சை, காது நோய் முதலியவற்றுள் ஒன்றுக்கேனும் "ஆம்" என விடையளித்தால் மருத்துவரின் ஒப்புதல் கேட்கப்படலாம். இதனை ஊரிலேயே பெற்றுக்கொள்ளாதவர் கட்டணம் செலுத்திய பின்னும் கரையில் நிற்க நேரிடும். உண்மையை மறைத்து ஒப்பமிடுவது உயிருக்கே தீங்காகலாம். கருவுற்றிருப்போர் மூழ்குதல் கூடாது. சளி பிடித்திருக்கும்போது காதுகளின் அழுத்தத்தைச் சமன்செய்ய இயலாது. அந்நாளில் மூழ்காதிருத்தல் நன்று.

காப்பீடு: பொதுவான பயணக் காப்பீடுகள் பல சாகச விளையாட்டுகளை விலக்குகின்றன. சில குறிப்பிட்ட ஆழம் வரை மட்டுமே ஏற்கின்றன. அழுத்த நீக்க நோய்க்கான சிகிச்சை மீளழுத்த அறையில் பல மணி நேரம் அளிக்கப்படுவது. தொலைவான தீவிலிருந்து நோயாளியைக் கொண்டுசெல்லும் செலவும் பெரியது. ஆவணத்தில் ஸ்கூபா மூழ்கல், மீளழுத்தச் சிகிச்சை, அவசர இடமாற்றம் ஆகிய மூன்றும் எழுத்தில் உள்ளனவா எனப் பார்க்க வேண்டும்.

மீளழுத்த அறை: செல்லும் இடத்துக்கு அருகில் இயங்கும் அறை எது என்பதை மூழ்கல் நிலையத்திடம் முன்கூட்டியே கேட்டறிவது வழக்கம். மாலைத்தீவின் பண்டோஸ் தீவிலும், ஸ்ரீ விஜயபுரத்திலுள்ள கடற்படை மருத்துவமனையான தன்வந்திரியிலும் இத்தகைய அறைகள் உண்டு.

பொருட்கள்: கலனும் ஈயக்கட்டிகளும் செல்லுமிடத்தில் வாடகைக்குக் கிடைக்கும். பார்வைக் கண்ணாடி அணிவோர் அதே திறனுள்ள வில்லை பொருத்திய முகமூடியைச் சொந்தமாக வைத்துக்கொள்வது பயன்தரும். மூழ்கல் கத்தியைப் பதிவுசெய்யும் பெட்டியில் வைக்க வேண்டும். உதிரி லித்தியம் மின்கலங்களைக் கைப்பையில் மட்டுமே எடுத்துச்செல்ல இயலும். சான்றிதழ் அட்டை, மூழ்கல் பதிவேடு ஆகியவை தேவை. நெடுநாள் இடைவெளி விட்டவர் முதல் நாளில் பயிற்றுநருடன் மறுபயிற்சி மூழ்கல் செய்வது நடைமுறை.

பவளத்தையோ சங்குகளையோ நினைவுப்பொருளாகக் கொண்டுவரக் கூடாது. பவளங்கள் இந்திய வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் (1972) கீழ்க் காக்கப்படுகின்றன. பல நாடுகள் அவற்றை வெளியே எடுத்துச் செல்வதையும் தடைசெய்துள்ளன.

மாதிரித் திட்டம்

தாம்பரத்திலிருந்து மே மாதத்தில் திருகோணமலைக்குச் செல்லும், தொடக்கநிலைச் சான்றிதழ் பெற்ற ஒருவரின் ஆறு நாள் பயணம் பின்வருமாறு அமையலாம்:

- முதல் நாள்: காலை வானூர்தியில் கொழும்பு, சாலைவழி திருகோணமலை. மூழ்கல் இல்லை.
- இரண்டாம் நாள்: ஓய்வு, பிற்பகலில் ஆழம் குறைந்த இடத்தில் ஒரு மூழ்கல்.
- மூன்றாம் நாள்: முற்பகலில் இரண்டு மூழ்கல்கள்.
- நான்காம் நாள்: முற்பகலில் இரண்டு மூழ்கல்கள். நண்பகலுடன் கடல் நிகழ்ச்சிகள் நிறைவு.
- ஐந்தாம் நாள்: கோணேசுவரம் கோயில், கன்னியா வெந்நீரூற்றுகள். மாலையில் சாலைவழி கொழும்பு.
- ஆறாம் நாள்: காலை 10 மணிக்கு வானூர்தி.

இத்திட்டத்தில் கடைசி மூழ்கலுக்கும் வானூர்திக்கும் இடையே 46 மணி நேரம் கிடைக்கின்றது. ஐந்தாம் நாள் காலையிலும் மூழ்கி 11 மணிக்கு மேலே வந்தால் இடைவெளி 23 மணி நேரமாகச் சுருங்கும். அது 18 மணி நேர அளவை நிறைவு செய்யும். 24 மணி நேர அளவை நிறைவு செய்யாது. அன்று மாலை 5 மணிக்கு மூழ்கி எழுந்தால் 17 மணி நேரமே எஞ்சும். இது இரு அளவுகளுக்கும் குறைவு. நுவரெலியாவைக் காண விரும்புபவர் அதனை முதல் இரு நாட்களில் வைத்து, அங்கிருந்து திருகோணமலைக்கு இறங்குவதே உரிய வரிசை.

விடுப்பு நாட்கள் குறைவாக உள்ளவர்கள் ஐந்தாம் நாளை வீணான நாளாகக் கருதி அதிலும் மூழ்க முற்படுவதுண்டு. திட்டமிடலில் பெரும்பாலும் தவறு நேர்வது இந்த இடத்தில்தான். வானூர்திச் சீட்டை வாங்கும்போதே அந்நாளுக்குக் கோயில், கடைவீதி, உறவினர் வீடு என நிலத்தில் ஒரு வேலையை வைத்துக்கொண்டால் அச்சூழல் எழாது.

ஊர் திரும்பிய பின்

அழுத்த நீக்க நோயின் அறிகுறிகள் பெரும்பாலும் மூழ்கிய 24 மணி நேரத்துக்குள் தோன்றுகின்றன. வானூர்திப் பயணத்துக்குப் பின் தோன்றுவதும் உண்டு. ஆகையால் மாலைத்தீவில் மூழ்கியவருக்கு முழங்கை வலியும் விரல் மரமரப்பும் தாம்பரத்திலுள்ள வீட்டில் தொடங்கலாம். பயணக் களைப்பு, பெட்டி தூக்கிய வலி, காய்ச்சலின் தொடக்கம் என இதனை எளிதில் தவறாகக் கொள்ள இயலும். கடலை விட்டு வந்துவிட்டதால் கடல் நினைவுக்கு வருவதில்லை.

மருத்துவரிடம் செல்லும்போது எந்த நாளில், எத்தனை முறை, எந்த ஆழத்தில் மூழ்கியது, எப்போது வானூர்தியில் வந்தது ஆகிய விவரங்களைக் கேட்கப்படாமலேயே கூறுதல் வேண்டும். பதிவேடும் மூழ்கல் கணினியும் உடனிருந்தால் பயன்படும். முதலுதவியாகத் தூய ஆக்சிஜன் அளிப்பதும் நோயாளியைப் படுக்கவைப்பதும் பரிந்துரைக்கப்படுகின்றன. நரம்புசார் அறிகுறிகள் இருந்தால் தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990 என்னும் எண்களில் நோயாளர் ஊர்தியை அழைக்கலாம். வலி தீரும் என்று எண்ணி மீண்டும் நீரில் மூழ்குதல் கூடாது. அறிகுறிகள் இருக்கும்போது வானூர்தியில் ஏறுவதும் மலைப்பகுதிக்குச் செல்வதும் தவிர்க்கப்பட வேண்டும். சிகிச்சை எவ்வளவு விரைவில் தொடங்குகின்றதோ அவ்வளவுக்கு முழுமையாக நலம்பெறும் வாய்ப்பு மிகுதி.